கேடயச் சுரப்பியும் கேளா ஒலியும்

கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயை இருபுறமும் அணைத்துக் கிடக்கும் சிறு சுரப்பிக்குத் தைராய்டு என்று பெயர். சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியின் வடிவம் உடையது. வளர்ந்த மனிதரில் ஏறத்தாழ 20 கிராம் எடை இருக்கும். பெயரிட்டவர் தாமஸ் வார்ட்டன் என்னும் இலண்டன் மருத்துவர். உடற் சுரப்பிகளைப் பற்றி 1656-ஆம் ஆண்டில் அவர் இலத்தீன் மொழியில் வெளியிட்ட நூலில் இப்பெயர் வருகிறது. கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயராதலால், தமிழ்ப் பாடநூலாரும் இதனைக் 'கேடயச் சுரப்பி' என்று வழங்கினர். பெயரிட்ட பெருமகனாருக்கு அதன் தொழில் இன்னதென்று தெரியாது. கழுத்துக்கு, சிறப்பாகப் பெண்டிர் கழுத்துக்கு, உருட்சியும் எழிலும் தருவதற்காக இயற்கை வைத்த அணி அது என்றே அவர் கருதினார்.

அன்று அணியெனக் கருதப்பட்ட அச்சுரப்பி இன்று பல குடும்பங்களின் உறக்கத்தைக் கெடுக்கிறது. வேறு எதற்கோ கழுத்தை ஒலிப்படம் எடுக்கப் போனவரின் கையில் ஓர் அறிக்கை தரப்படுகிறது. "வலப்புற மடலில் 1.2 சென்டிமீட்டர் கட்டி; டைராட்ஸ் 4" என்று அதில் எழுதியிருக்கிறது. எண் நான்கு என்றதும் 'நான்காம் கட்டப் புற்றுநோய்' என்று எண்ணி வீடே கலங்குகிறது. அவ்விரண்டிற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அந்த எண் எங்கிருந்து வந்தது, அதனை வகுத்தோர் எதற்காக வகுத்தனர் என்பதை வரலாற்று வழியில் நோக்கினால்தான் அறிக்கையின் பொருள் விளங்கும்.

முதலில் ஒரு சொல் விளக்கம். சுரப்பி முழுவதும் பருத்து வீங்குவதைக் கழலை என்று நம் முன்னோர் அழைத்தனர். சுரப்பியின் உள்ளே, கரும்பில் கணு திரண்டாற்போல, ஓரிடத்தில் மட்டும் தனியாகத் திரள்வதை மருத்துவர் 'நோடியூல்' என்பர். இக்கட்டுரையில் அதனைக் கணுக்கட்டி என்று குறிப்போம்.

கழலை மிகப் பழைய நோய். ஆல்ப்ஸ் மலைச் சிற்றூர்களில் அது வீட்டுக்கு வீடு காணப்பட்டது. 1811-இல் பிரெஞ்சுக்காரரான பெர்னார் கூர்த்துவா கடற்பாசிச் சாம்பலில் அயோடினைக் கண்டார். 1820-இல் ஜெனீவா மருத்துவர் குவாந்தே அதனைக் கழலைக்கு மருந்தாக்கினார். 1922-இல் சுவிட்சர்லாந்து உப்பில் அயோடின் சேர்க்கத் தொடங்கியது. நம் பக்கத்திலும் சரவாக் உட்பகுதி மக்களிடையே கழலை பரவியிருந்தது. அங்கே ஊர்க் குடிநீரில் அயோடின் கலந்து பெற்ற நற்பயன் 1981-இல் இலண்டன் 'லான்செட்' இதழில் வெளியாயிற்று. அயோடினின் கதை தனியே எழுதத் தக்கது. ஈண்டு அதனை விடுத்துக் கத்தியின் கதைக்கு வருவோம்.

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இச்சுரப்பியில் கத்தி வைப்பது ஏறக்குறையக் கொலைக்கு ஒப்பாகக் கருதப்பட்டது. இரத்த ஓட்டம் மிகுந்த உறுப்பு அது. குருதிப் பெருக்காலும் சீழ் பிடித்தும் நோயாளர் மாண்டனர். அந்நிலையை மாற்றியவர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரப் பேராசிரியர் தியோடர் கோக்கர். இரத்தக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கட்டி, பொறுமையாகவும் தூய்மையாகவும் அறுத்து, ஆயிரக்கணக்கானோரைப் பிழைக்க வைத்தார். 1909-ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அறுவை மருத்துவர் ஒருவர் அப்பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை.

ஆனால் கோக்கரின் பெருமை அவருடைய கைத்திறத்தில் மட்டும் இல்லை. சுரப்பியை முழுவதும் எடுத்துவிட்டால் பின்னர் என்ன ஆகிறது என்பதை ஜெனீவாவில் ரெவெர்டின் என்பவர் 1882-இல் சுட்டிக்காட்டினார். கோக்கர் தம்மிடம் முழு அறுவை செய்துகொண்டவர்களைத் திரும்ப அழைத்துப் பார்த்தார். பெரும்பாலோர் முகம் ஊதி, தோல் தடித்து, அறிவு மந்தமாகி, குளிரில் நடுங்கிக் கொண்டிருந்தனர். சிறுவர்களின் வளர்ச்சி நின்றுபோயிருந்தது. இதனை 1883-இல் அவரே அறிஞர் அவையில் எடுத்துரைத்தார். தீய நோய் இல்லாதவர்க்கு முழுச் சுரப்பியையும் எடுப்பதை அதன்பின் நிறுத்திக் கொண்டார். தம் கைவேலையின் தீங்கைத் தாமே தேடிச் சென்று கண்டு உலகுக்கு உரைத்த அந்த நேர்மையை, நோபெல் பரிசினும் பெரிதாகவே யான் மதிக்கிறேன்.

1891-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மர்ரி என்னும் இளம் மருத்துவர், சுரப்பி செயலற்றுப்போன ஒரு பெண்மணிக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி வழியே செலுத்தினார். அம்மையார் தேறி 28 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். 1914-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டால் அச்சாற்றின் சாரமான தைராக்சினைப் பிரித்தெடுத்தார். இன்று சுரப்பி முழுவதையும் இழந்தவர் நாள்தோறும் ஒரு மாத்திரை விழுங்கி நல்வாழ்வு வாழலாம். எனினும் அது வாழ்நாள் முழுவதற்கும் உரிய கடப்பாடு என்பதை மறத்தலாகாது.

இனி, கணுக்கட்டி எத்தனை பேருக்கு உண்டு? கையால் தடவிப் பார்த்தே மருத்துவர் கண்டுபிடித்த காலத்தில் விடை எளிதாக இருந்தது. அமெரிக்காவின் பிரேமிங்காம் நகரில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரைச் சோதித்து 1968-இல் வெளியிட்ட ஆய்வில், பெண்களில் நூற்றுக்கு 6.4 பேருக்கும் ஆண்களில் 1.5 பேருக்கும் கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. ஆனால் அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1955-இல், வேறொரு விடை அச்சாகியிருந்தது. உயிரோடு இருந்தபோது சுரப்பியில் குறையொன்றும் காணப்படாத 821 பேரின் சடலங்களை அறுத்து ஆராய்ந்தபோது, ஏறத்தாழப் பாதிப் பேரின் சுரப்பியில் கணுக்கட்டிகள் இருந்தன! அவர்கள் வேறு நோய்களால் இறந்தவர்கள். தம் கழுத்தில் இப்படி ஒன்று உண்டென்பதையே அறியாதவர்கள். 1985-இல் பின்லாந்து அறிஞர்கள் மேலும் நுட்பமாகச் சென்று, 101 சடலங்களின் சுரப்பியை 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் வில்லை வில்லையாக வெட்டிப் பார்த்தனர். மூவரில் ஒருவருக்கு மேல் மிகச் சிறிய 'பாப்பிலரி' வகைப் புற்றுத் திசு இருந்தது. யாரையும் அது கொல்லவில்லை.

இவ்வளவும் புதைபொருள் போல் மறைந்து கிடந்த வரையில் எவர்க்கும் கவலை இல்லை. அதனைத் தோண்டி வெளிக்கொணர்ந்த கருவியே கேளா ஒலி.

செவிக்கு எட்டாத அதிர்வுடைய ஒலி அது. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று பியர் கியூரியும் அவர் தமையனார் ஜாக் கியூரியும் 1880-இல் கண்டனர். மின்சாரத்தைச் செலுத்தினால் அதே படிகம் அதிரும். முதல் உலகப் போரில் பிரெஞ்சு அறிஞர் லாஞ்செவின் இதைக் கொண்டு கடலடியில் பதுங்கும் நீர்மூழ்கிகளை எதிரொலியால் அறிய முயன்றார். பின்னர் ஆலைகளில் இரும்பின் உட்பிளவுகளை அறியும் கருவியாக அது மாறியது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மகப்பேற்றுப் பேராசிரியர் இயன் டொனால்டு, நீராவிக் கொதிகலம் செய்யும் ஆலை ஒன்றுக்கு 1955-இல் தாம் அறுத்தெடுத்த வயிற்றுக் கட்டிகளை எடுத்துச் சென்று, இரும்பைச் சோதிக்கும் கருவியால் அவற்றைச் சோதித்தார். நீர்க்கட்டி ஒரு விதமாகவும் தசைக்கட்டி வேறு விதமாகவும் எதிரொலித்தன. 1958 ஜூன் 7-ஆம் நாள் லான்செட்டில் அவரும் தோழர்களும் எழுதிய கட்டுரையே மருத்துவ ஒலிப்படத்தின் பெருவழியைத் திறந்தது.

தைராய்டுக்கு அது வந்தது ஜப்பான் வழியாக. 1967-இல் ஃபுஜிமோட்டோ குழுவினர் 184 நோயாளரின் கழுத்தை நீர்த்தொட்டியின் துணையோடு படமெடுத்தனர். எதிரொலியின் கோலத்தை நான்கு வகையாகப் பிரித்து, ஒரு வகைக்குத் 'தீயது' என்றும் பெயரிட்டனர். ஆனால் தீங்கற்ற கட்டிகளிலும் பல அதே கோலத்தைக் காட்டின. ஆகவே முதல் நாளிலிருந்தே இக்கருவிக்கு ஒரு குணம் உண்டு என்பதைக் காண்கிறோம்: இருப்பதைக் காட்டும், இன்னதென்று அறுதியிட்டுக் கூறாது. 1970-களில் கறுப்புக்கும் வெளுப்புக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறங்களையும் காட்டும் கருவிகள் வந்த பின் படம் தெளிந்தது. இன்றைய கருவி சில மில்லிமீட்டர் அளவுள்ள கட்டியையும் காட்டிவிடும்.

இதற்கு முன்னரே கதிரியக்க அயோடினைக் கொண்டு சுரப்பியைப் படமெடுக்கும் முறை 1950-ஐ ஒட்டிக் கலிபோர்னியாவில் பெனடிக்ட் கேசன் என்பவரால் உண்டாக்கப்பட்டிருந்தது. அயோடினை மிகுதியாக ஈர்ப்பது 'சூட்டுக் கட்டி', ஈர்க்காதது 'குளிர்க் கட்டி' எனப்பட்டன. சூட்டுக் கட்டியில் புற்று அரிது. குளிர்க் கட்டியில் புற்று இருக்கலாம் என்று அஞ்சி அறுத்தனர். அறுத்தவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. வீண் அறுவையைக் குறைத்தது ஒரு மெல்லிய ஊசி. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் மருத்துவர்கள் 1950-களிலும் 60-களிலும் கட்டியிலிருந்து சில உயிரணுக்களை ஊசியால் உறிஞ்சி நுண்ணோக்கியில் பார்க்கும் முறையைச் செம்மைப்படுத்தினர். ஒலிப்படத்தைப் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்தும் வழக்கம் பின்னர் வந்தது.

கருவி கைக்கு வந்தபின் அதை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடை தென்கொரியாவில் கிடைத்தது. கிடைத்த விதந்தான் துயரமானது.

1999-இல் அந்நாட்டு அரசு புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதில் தைராய்டு இடம்பெறவில்லை. ஆனால் சோதனைக்கு வந்தவரிடம், சிறிது கூடுதல் கட்டணம் செலுத்தினால் கழுத்தையும் ஒலிப்படம் எடுக்கலாம் என்று மருத்துவமனைகள் கூறின. வலியில்லை, கதிரில்லை, சில நிமிட வேலை. யார்தான் வேண்டாம் என்பார்? விளைவு என்னவென்றால், 2011-இல் தைராய்டுப் புற்று எனக் கண்டறியப்பட்டோரின் விகிதம் 1993-இல் இருந்ததைப்போல் 15 மடங்காயிற்று. அந்த ஓராண்டில் மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு இந்நோய் இருப்பதாகக் கூறப்பட்டது. ஆண்டுதோறும் இந்நோயால் இறந்தோரோ முந்நூறு, நானூறு பேர்தாம். அத்தொகை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இந்தக் கணக்கைச் சற்று நின்று நோக்க வேண்டும. உண்மையான கொள்ளைநோய் பரவியிருந்தால் சாவு பெருகியிருக்க வேண்டும். முன்கூட்டிக் கண்டதால் உயிர்கள் காக்கப்பட்டிருந்தால் சாவு குறைந்திருக்க வேண்டும். இரண்டும் நிகழவில்லை. பின்லாந்துச் சடலங்களில் கிடந்த அதே வகைச் சிறு புற்றுகள், கொரியாவில் உயிருள்ளவர் கழுத்தில் வெளிச்சத்துக்கு வந்தன என்பதே பொருத்தமான விளக்கம். சோதனை மிகுந்த வட்டாரங்களில் நோயும் மிகுந்திருந்தது. சோதனை குறைந்த இடங்களில் நோயும் குறைந்திருந்தது.

கண்டறியப்பட்ட பெரும்பாலோர் அறுவை செய்துகொண்டனர்; அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் சுரப்பி முழுவதையும் இழந்தனர். காப்புறுதிப் பதிவுகளின்படி, அறுவை செய்துகொண்டோரில் நூற்றுக்குப் பதினொருவருக்கு, தைராய்டின் பின்னே ஒட்டியிருந்து உடலின் சுண்ணாம்புச் சத்தைச் சீராக்கும் சிறு சுரப்பிகள் செயலிழந்தன. நூற்றுக்கு இருவருக்குக் குரல் நாண் முடங்கியது. கோக்கர் 1883-இல் எழுப்பிய எச்சரிக்கையை அறியாதவர் அல்லர் அந்நாட்டு மருத்துவர்கள். ஆனால் 'புற்று' என்ற சொல்லை ஒருவர் காதில் போட்டுவிட்ட பிறகு, "காத்திருந்து பார்ப்போம்" என்று சொல்ல எந்த மருத்துவருக்குத்தான் துணிவு வரும்? கேட்டவருக்குத்தான் பொறுமை வருமா?

2014 மார்ச்சில் கொரிய மருத்துவர் சிலர், நோய்க்குறி இல்லாதவர்க்குக் கழுத்து ஒலிப்படம் எடுக்க வேண்டாம் என்று பொதுமக்களுக்கு வெளிப்படையாக அறிவித்தனர். அவ்வாண்டு நவம்பரில் ஆன், கிம், வெல்ச் ஆகிய மூவர் மேற்கண்ட கணக்கை 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்' வெளியிட்டனர். ஓராண்டுக்குள் தைராய்டு அறுவைகள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு ஆலோசனைக் குழுவும் 2017-இல், நோய்க்குறி இல்லாத பெரியவர்களிடம் தைராய்டுப் புற்றைத் தேடிச் சோதிக்க வேண்டாம் என்று கூறியது. சிறு வயதில் கழுத்தில் கதிர்ச் சிகிச்சை பெற்றவர், குடும்ப வழியில் இந்நோய் உடையவர், குரல் கம்மியவர், வேகமாக வளரும் கட்டியோ கழுத்து நெறிகட்டலோ உடையவர் ஆகியோர் இவ்விதிக்குள் வாரார். அவர்கள் மருத்துவரை நாடத் தாமதித்தல் தவறு.

தேடாமலே கட்டி கண்ணில் பட்டுவிட்டால்? அதற்காகத்தான் டைராட்ஸ் பிறந்தது. மார்பகப் படங்களுக்கு அமெரிக்கக் கதிரியல் கல்லூரி வகுத்த 'பைராட்ஸ்' முறையை முன்மாதிரியாகக் கொண்டு, சிலி நாட்டின் ஹோர்வாத் அம்மையார் குழு 2009-இல் இப்பெயரை வழங்கியது. 2017-இல் அக்கல்லூரியே புள்ளிக் கணக்கு ஒன்றை வெளியிட்டது. ஐந்து கேள்விகளுக்குப் புள்ளி இடுவதே அதன் முறை.

கட்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்பது முதற் கேள்வி. நீர் மட்டுமே இருந்தாலும், கடற்பஞ்சு போல் துளை துளையாக இருந்தாலும் புள்ளி இல்லை. நீரும் திசுவும் கலந்திருந்தால் 1. முழுவதும் திசுவானால் 2. அடுத்தது எதிரொலியின் நிறம். சுற்றியுள்ள சுரப்பியைப் போலவோ அதனினும் வெளுத்தோ இருந்தால் 1, கறுத்திருந்தால் 2, கழுத்துத் தசையைவிடவும் கறுத்திருந்தால் 3. வடிவத்தில், அகலத்தினும் உயரம் மிகுந்து நிமிர்ந்து நிற்குமானால் 3 புள்ளி. தீங்கற்ற கட்டி திசுப் படலங்களின் போக்கிலேயே படுத்து வளரும். தீயது அவற்றை ஊடுருவி எழும் என்பது இதற்குக் காட்டும் காரணம். இந்த அடையாளத்தை 2002-இல் எடுத்துக்காட்டியவர்களும் தென்கொரிய மருத்துவர்களே. விளிம்பு வழுவழுப்பாகவோ மங்கலாகவோ இருந்தால் புள்ளியில்லை, கரடுமுரடாயின் 2, சுரப்பியைத் தாண்டிச் சென்றிருந்தால் 3. இறுதியாக வெண் புள்ளிகள். பெரிய சுண்ணாம்புக் கட்டிக்கு 1, ஓரத்து வளையத்துக்கு 2, ஊசிமுனை போன்ற நுண்புள்ளிகளுக்கு 3. வால்மீன் போல வால் நீண்ட பெரிய வெண்புள்ளி தீங்கற்றது; அதற்குப் புள்ளியே இல்லை.

கூட்டினால் 3 வருவது மூன்றாம் வகுப்பு. 4 முதல் 6 வரை நான்காம் வகுப்பு. 7-உம் அதற்கு மேலும் ஐந்தாம் வகுப்பு. புற்று இருக்கும் வாய்ப்பு மூன்றாம் வகுப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 5, நான்காம் வகுப்பில் 9, ஐந்தாம் வகுப்பில் 35 என்று அக்கல்லூரியின் ஆய்வு கண்டது. அதாவது, வீட்டைக் கலக்கிய அந்த 'நான்கு' என்னும் எண், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குப் புற்று இல்லை என்றே சொல்கிறது.

எண்ணோடு அளவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஊசிச் சோதனை செய்வதற்கு மூன்றாம் வகுப்பானால் கட்டி 2.5 சென்டிமீட்டரும், நான்காம் வகுப்பானால் 1.5-உம், ஐந்தாம் வகுப்பானால் 1-உம் எட்டியிருக்க வேண்டும். முன்னர்க் கண்ட 1.2 சென்டிமீட்டர் கட்டியையே எடுத்துக்கொள்வோம். முழுத் திசு, 2; சுரப்பியினும் கறுப்பு, 2; படுத்த வடிவம், வழுவழுப்பான விளிம்பு, வெண்புள்ளி இல்லை. மொத்தம் 4. நான்காம் வகுப்பு, அளவு 1.5-க்குக் குறைவு. ஊசி வேண்டியதில்லை, ஓராண்டு கழித்து மீண்டும் படம் எடுத்தால் போதும். அதே கட்டி நிமிர்ந்து நின்றிருந்தால் மூன்று புள்ளி கூடி 7 ஆகும். ஐந்தாம் வகுப்பில் 1 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதாதலால் ஊசி வேண்டும். மறுபடத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடியிருந்தால் அதனை வளர்ச்சியெனக் கொள்ளுதல் கூடாது. அளப்பவர் கைக்குக் கை அவ்வளவு வேறுபடும். இரண்டு பக்கங்களிலேனும் ஐந்தில் ஒரு பங்கும், குறைந்தது 2 மில்லிமீட்டரும் கூடியிருக்க வேண்டும் என்பது விதி.

இங்கே இரண்டொரு குழப்பங்களைத் தீர்ப்பது நலம். ஐரோப்பியரும் கொரியரும் தத்தமக்கெனத் தனி டைராட்ஸ் வைத்துள்ளனர். ஒரே கட்டிக்கு இருவேறு இடங்களில் இருவேறு எண் வருவது இதனால் நேரலாம். ஊசிச் சோதனையின் முடிவுக்கும் 'பெதெஸ்டா' என்ற பெயரில் 1 முதல் 6 வரை எண் உண்டு. அது வேறு ஏணி. பெதெஸ்டா 2 என்றால் தீங்கற்றது என்று பொருள். 1 என்றாலோ போதிய உயிரணு கிடைக்கவில்லை என்பதே பொருள். சுரப்பி கூடுதலாகச் சுரக்கிறதா, குறைவாகச் சுரக்கிறதா என்பதை ஒலிப்படம் காட்டாது. அதற்கு இரத்தச் சோதனை தனி.

புற்று என்றே உறுதியானாலும் கத்தி ஒன்றே வழியா? ஜப்பானின் கோபே நகரிலுள்ள குமா மருத்துவமனையில் அகிரா மியாவுச்சி என்பவர் 1993-இல் இக்கேள்வியைத் துணிந்து எழுப்பினார். 1 சென்டிமீட்டருக்கு உட்பட்ட, ஆபத்தான இடத்தில் இல்லாத பாப்பிலரிப் புற்றுகளை அறுக்காமல், படமெடுத்துக் கவனித்துவர நோயாளரின் இசைவைப் பெற்றார். 1,235 பேரைப் பற்றிய கணக்கு 2014-இல் வெளிவந்தது. பத்தாண்டுகளில் கட்டி வளர்ந்தது நூற்றுக்கு எட்டுப் பேருக்கு. நெறிகளுக்குப் பரவியது நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. அவ்வாறானவர்களுக்குப் பின்னர் அறுவை செய்யப்பட்டது. இந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. வயதில் மூத்தோரைவிட இளையோரிடமே கட்டி சற்று மிகுதியாக வளர்ந்தது என்பது எவரும் எதிர்பாராதது.

2016-இல் மற்றொரு மாறுதல் நேர்ந்தது. பாப்பிலரிப் புற்றின் ஒரு கிளைவகை, உறைக்குள் அடங்கி, வெளியே ஊடுருவாமல் இருப்பது. அதனை ஏழு நாடுகளைச் சேர்ந்த 24 நோயியல் அறிஞர்கள் ஒன்றுகூடி மறு ஆய்வு செய்தனர். அத்தகைய கட்டி உடையவராய், பத்து முதல் இருபத்தாறு ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனிக்கப்பட்ட 109 பேரில் ஒருவருக்கும் நோய் திரும்பியிருக்கவில்லை. அறிஞர்கள் அக்கட்டிக்கு வேறு பெயர் சூட்டினர். புதிய பெயரில் 'புற்று' என்ற சொல் இல்லை.